ருசி தெரியாதவன்

வாங்க சார், உள்ள வாங்க. தண்ணி ஏறல, அதானே? ஏறும். மோட்டாரப் பாக்க எலக்ட்ரீசியனுக்குச் சொல்லிட்டேன். ஞாயித்துக்கிழமைல்லா, சாப்பிட்டு ஒரு தூக்கம் போட்டுட்டுத்தான் வருவான். அதுவரைக்கும் மாடியில தனியா இருந்து என்ன செய்யப் போறீங்க, வீட்டம்மாவும் சேலத்துக்குப் போயிருக்காங்க. ஒக்காருங்க. அந்த நாற்காலி வேண்டாம், அதுக்குக் கால் ஆடும். இதுல ஒக்காருங்க.

ஒரு சொட்டு ஊத்தட்டுமா?

பதறாதீங்க சார். இது கம்பிக்குள்ள கைய நீட்டி வாங்குற சரக்கு இல்ல. பார்படாஸ் ரம்மு. கரீபியன் கடல்ல மேப்புல ஈ ஒக்காந்த மாதிரி ஒரு தீவு. அங்க மரப் பீப்பாயில இருபது வருஷத்துக்கு மேல கெடந்தது. நான் போசனா ஓடுன கடைசிக் கப்பல்ல எங்கூட வந்தது. போசன்னா டெக்குல வேல பாக்குற ஆளுகளுக்கு மேஸ்திரி மாதிரின்னு வச்சுக்கோங்க. இந்தத் தூத்துக்குடியில கஸ்பார் போசன் வீடுன்னு கேட்டா யாரும் வழி சொல்லுவாங்க. இப்பம் யாரு கேக்கா, அது வேற விஷயம்.

இந்தாங்க, பிடிங்க. வாய் சுருங்கின கிளாஸ்தான் வேணும், அப்பந்தான் வாசனை வெளிய ஓடாது. ஏ… ஏ… சார்! உடனே வாயில வைக்கப்பிடாது! கீழ வைங்க. அதுபாட்டுக்குக் கொஞ்ச நேரம் மூச்சு விடட்டும். ஐஸ் கிடையாது, தண்ணி கிடையாது, சோடா கிடையாது. இத்தனை வருஷம் இருட்டுக்குள்ள அடைஞ்சு கெடந்தது, வெளிய வந்த ஒடனே வாயத் தொறந்து பேசுமா?

நல்லவேளை, நீங்க விரல முக்கித் தரையில தெளிக்கல. எம் மச்சினன் தெளிப்பான். நம்ம ஆளுக எல்லாருக்கும் உள்ள பழக்கம்தான், குடிக்கதுக்கு முன்ன ரெண்டு சொட்டு தெளிக்கது. அத நாட்டுச் சரக்குல செய்யி, எவன் கேக்கான்? இருபது வருஷம் ஊறினத எடுத்துத் தரையில தெளிச்சா வயிறு எரியுமா எரியாதா? 'மாப்ள, அதுல வருஷா வருஷம் சம்மனசுக வேற பங்கு எடுத்தாச்சு, நீ வேற தெளிக்காத'ன்னேன். அங்க அப்படித்தான் சொல்லுவாங்க சார். அந்த ஊரு வெக்கைக்குப் பீப்பாயில இருந்து கொஞ்சம் கொஞ்சமா ஆவியாப் போயிரும், அது சம்மனசுக, அதான் தேவதூதருக, அவுக பங்காம். மிஞ்சினதுதான் மனுசனுக்கு. அதுக்கு அவன் சொல்லுதான், 'அப்பம் நான் பெனிற்றா அக்காவுக்குத்தான் தெளிக்கேன் அத்தான்'னு. பெனிற்றா எம் பொண்டாட்டி. இவன் அவளுக்கு நேர் இளையவன். லெம்பர்ட்டு. அவ போயி மூணு வருஷம் ஆவப்போவுது. பெறவு நான் என்னத்தச் சொல்ல? தெளிச்சுத் தொலைன்னு விட்டுட்டேன்.

அவன் இன்னைக்கு ஊர விட்டுப் போறான் சார். சாயங்கால மைசூர் வண்டியில. பெங்களூருல அவன் மூத்த மக மெல்பா வீட்டோட இருக்கப் போறானாம். இனிமே இங்க வாரதில்லையாம். மத்தியானம் அந்தப் புள்ள போன் பண்ணுச்சு. 'மாமா, அப்பா கிளம்பிட்டு இருக்காங்க. நீங்க ஸ்டேஷனுக்கு வந்து ஒரு வார்த்த பேசினா நல்லாருக்கும்'னுச்சு. நான் ஏன் சார் போணும்? என் வீட்டுப் படி எறங்கிப் போனவன் அவன். ஏறி வரவேண்டியது அவன். ரயிலுக்கு இன்னும் நேரம் கெடக்கு, ஸ்டேஷனுக்குப் போற வழியிலதான் என் வீடு இருக்கு. ஆட்டோவ நிறுத்தி, 'அத்தான் போயிட்டு வாரேன்'னு சொல்ல எவ்வளவு நேரம் ஆவும்? அதுக்குத்தான் வாசக்கதவத் தொறந்து போட்டிருக்கேன். இல்லைன்னா இந்தப் புழுதிக்கு எவன் தொறந்து வைப்பான்?

வரல. வரமாட்டான். எனக்கென்ன.

இப்பம் எடுங்க. மூக்குக்குக் கிட்டக் கொண்டு வாங்க, ரொம்ப உள்ள விடாதீங்க, சுள்ளுன்னு ஏறிரும். வாய லேசாத் தொறந்து வச்சுக்கிட்டு மோந்து பாருங்க. என்ன வருது? அவசரமில்ல. கருப்பட்டி காய்ச்சும்போது ஓரத்துல லேசா அடிப்பிடிக்குமே, அது வருதா? அதுக்குப் பின்னால கிஸ்மிஸ் பழம். நல்லாப் பழுத்த நேந்திரம் பழம், தோல் கறுத்துப் போன பழம். வருதா? அப்பாடா. சேலத்துக்காரருக்கு மூக்கு இருக்கு சார்! இன்னொரு தடவ. இப்பம் பழைய மர பீரோவத் தொறந்தா ஒரு வாசனை அடிக்கும் பாருங்க. அது பீப்பாய் குடுத்தது.

இத எனக்குச் சொல்லிக் குடுத்தவன் வின்ஸ்டன்னு ஒருத்தன், பிரிட்ஜ்டவுன் துறைமுகத்துல கிரேன் ஓட்டுனவன். மழையில சரக்கு எறக்க முடியாம கப்பல் சும்மா நின்னுட்டு. அவன் என்னைக் கூட்டிட்டுப் போயி மரத்தால கட்டுன ஒரு சின்னக் கடையில ஒக்கார வச்சான். வெளிய மழ, உள்ள நாலு கெழவனுக டொமினோ கட்டைய மேசையில டப்பு டப்புன்னு அடிச்சு ஆடுதானுக. ஒரு சின்ன கிளாஸ வச்சுக்கிட்டு மழ நிக்கிற வரைக்கும் ஒக்காந்திருந்தோம் சார். நமக்கு அன்னைக்கு வரைக்கும் குடின்னா கவுத்துறதுதானே? அன்னைக்குத்தான் தெரிஞ்சுது, குடிக்கதுன்னா என்னன்னு. அந்தக் கடையில வாங்குன பாட்டில்தான் இது. வீட்டுல வச்சுப் பெனிற்றாவோட தொறக்கணும்னு நெனச்சேன். அவளுக்கு ரம் வாசனை பிடிக்கும், கேக்குல ஊத்துவால்லா. இன்னைக்குத் தொறப்போம் நாளைக்குத் தொறப்போம்னு தள்ளிப்போட்டதுல அவ போயிட்டா. போட்டும்.

பெறவு போன வருஷம் தவக்காலம். நாப்பது நாளு குடியத் தொடுறதில்ல நாங்க, வாய் கட்டிருவோம். ஈஸ்டர் அன்னைக்குப் பூசை முடிஞ்சு வந்து, இனி யாருக்குன்னு இத வச்சிட்டு இருக்கன்னு தொறந்துட்டேன். லெம்பர்ட்டக் கூப்பிட்டேன். ஏன் அவன்னு கேக்கீங்களா? பாவம் சார். அவன் வீடு ஒரு சந்தக்கட. பொண்டாட்டி, சின்ன மக, மருமகன், பேரப்பிள்ளைக. ஒரு நிமிஷம் சும்மா இருக்க விடமாட்டாங்க. நிம்மதியா ஒரு வாய் குடிக்க எடமில்லாதவன். இங்க என் வீடு எப்படி இருக்கு பாருங்க. ஊசி விழுந்தாக் கேக்கும். அதனால, போனாப் போவுதுன்னு, 'சனிக்கிழம சனிக்கிழம வா மாப்ள, ஆளுக்கு ஒரு கிளாஸ் குடிப்போம்'னேன். அவனுக்காகத்தான். எனக்கென்ன, நான் தனியாவே குடிச்சிட்டுப் போயிருவேன்.

அவன் யாருன்னு நெனச்சீங்க? பேக்கரி வச்சிருந்தான் சார். மக்ரூன் போடுறதுல அவன் கைய அடிச்சுக்க ஆளு கிடையாது. முந்திரிப் பொடியும் முட்டை வெள்ளையும் சீனியும்தான், எல்லாரும் போடுறதுதான், ஆனா அவன் போட்டா வேற. தெருவுல நின்னு பேசிட்டு இருப்பான், திடீர்னு மூக்க ஒரு தூக்குத் தூக்கி, 'எலே, ரெண்டாவது தட்ட வெளிய எடு!'ன்னு உள்ள பாத்து கத்துவான். நான் மடகாஸ்கர்ல இருந்து வெண்ணிலாக் காயக் கொண்டாந்தா, பெட்டியத் தொறக்கதுக்கு முன்னாலயே 'அத்தான் என்ன கொண்டாந்திருக்கீங்க'ன்னு சிரிப்பான். அப்பேர்ப்பட்ட மூக்கு. அதனாலதான் சார் எனக்கு ஆத்திரம். ஒண்ணும் தெரியாதவன் செஞ்சா மன்னிச்சு விட்டுரலாம்.

இப்பம் ஒரு சொட்டு. நாக்குல வைங்க, முழுங்காதீங்க. அப்படியே நாக்க வச்சு வாய் பூராவும் தடவி விடுங்க. முதல்ல இனிப்பு. எரியுதா? எரியும், பொறுங்க. இப்பம் ஆரஞ்சுத் தோல் மாதிரி ஒரு கசப்பு வரும். ஜாதிக்கா மாதிரி ஒண்ணு மூக்குக்கு ஏறும். ம். முழுங்குங்க. முழுங்குனதுக்கு அப்புறம் பேசாதீங்க, அதுல இருந்துதான் ஆரம்பமே.

…

பாத்தீங்களா? எப்பம் போச்சு, இன்னும் நிக்குதுல்லா? அதுக்குத்தான் சார் குடிக்கது.

இந்தச் சொகத்த ஒருத்தனுக்குக் கையில குடுத்தா, அவன் என்ன செய்யணும்? ஈஸ்டர் அன்னைக்குக் குடிச்சிட்டு, 'நல்லாருக்கு அத்தான்'ங்கான். என்ன வாசனை மாப்ளன்னு கேட்டேன். 'ரம்மு வாசனைதான்'ங்கான். ரம்மு வாசனையாம்! பேக்கரிக்காரன் சொல்லுத பதிலா சார் இது? சரி, நாப்பது நாள் வாயக் கட்டுனதுல மறந்துட்டான்னு விட்டேன். அடுத்த சனிக்கிழம கருப்பட்டியச் சொன்னேன், கிஸ்மிஸச் சொன்னேன், பீரோவச் சொன்னேன். எல்லாத்துக்கும் தலைய ஆட்டுனான். ஆமா அத்தான், ஆமா அத்தான். பிள்ளைக ஜெபம் படிக்கிற மாதிரி நான் சொன்னத வாய்க்குள்ளயே திருப்பிச் சொல்லிக்கிட்டான்.

அதுக்கு அடுத்த வாரம் கையில ஒரு கோலா பாட்டிலோட வாரான் சார். என் கண்ணு முன்னால, இதுக்குள்ள, கோலாவ ஊத்துனான். நான் நெஞ்சப் பிடிச்சுட்டேன். 'ஏல, இது என்ன காரியம்'னேன். 'நுரை வாயில குறுகுறுன்னு இருக்கு அத்தான், வாயில ஏதோ இருக்குன்னு தெரியணும்லா'ங்கான். பெறவு பச்ச மிளகா. ஒரு கடி மிளகா, ஒரு வாய் ரம்மு. வேணும்னே செய்யுதான்னு நெனச்சேன். இப்பவும் அப்படித்தான் நெனைக்கேன். நான் நாடு நாடாப் போயி ருசி கண்டவன், அவன் இந்த ஊரு எல்லையத் தாண்டாதவன். அந்தப் பொறாம சார். வாயால சொல்லமாட்டான், இப்படிக் காட்டுவான்.

அதுக்கு முந்துன வருஷம் அவன் வீட்டுல எல்லாருக்கும் காய்ச்சல் வந்து படுத்து எந்திரிச்சாங்க. அதுல இருந்தே அவன் சரியில்ல. ஒரு மாதிரி கர்வம். எதக் குடுத்தாலும் 'நல்லாருக்கு', அவ்வளவுதான். ஒரு சனிக்கிழம முந்தினநாள் மீன்குழம்பு, கெட்டுப் போயிட்டு, நான் கவனிக்கல. தட்டுல ஊத்துனப்பந்தான் எனக்கு நாறுது. அவன் பாதி தின்னுட்டான் சார்! 'எதுக்குல தின்னே'ன்னா, 'நீங்க ஆசையா வச்சீங்களே அத்தான்'ங்கான். அந்த அளவுக்கு மனுசனுக்கு அலட்சியம். கடையிலயும் அப்படித்தான். ரஸ்க்குக் கருகிப் போவுது, இவன் அடுப்புக்கு முன்னால நிக்கான். மருமகன் ஓடிவந்து எடுக்கான். ஊரே பேசுச்சு. நானும் சொன்னேன், தொழில்ல கவனம் வேணும் மாப்ளன்னு. தலையக் குனிஞ்சுட்டு இருந்தான். திமிரு புடிச்சவன் பதில் சொல்லமாட்டான் பாருங்க, அப்படி.

ஆனா ஒண்ணு, சனிக்கிழம தவறமாட்டான். அது சொல்லணும்.

பெறவுதான் மாதா கோயில் திருவிழா வந்துச்சு. அன்னைக்கு வீடு நெறஞ்சு ஆளு. பெனிற்றா இருந்த காலத்துல எப்படியோ அப்படி. கொழும்புல இருந்து வந்த சொந்தம், நாகர்கோவில் சொந்தம் எல்லாரும். சாப்பாட்டுக்கு முன்ன ஆம்பளைகளுக்கு இதுல ஆளுக்கு ஒரு மடக்கு ஊத்துனேன். லெம்பர்ட்டுக்கு மட்டும் அடுக்களையில வச்சு வேற ஊத்துனேன். நம்ம ஊருக் கடையில வாங்குன குவார்ட்டரு. அடுப்பு பத்தவைக்கத் தோதான சரக்கு. ஒரு தமாசுதான் சார். இவன் மண்டைக் கர்வத்த ஒருநாளைக்கு எறக்குவோமேன்னு.

கொண்டாந்து குடுத்து, 'மாப்ள, எப்படி இருக்குன்னு எல்லாருக்கும் சொல்லு'ன்னேன். கிளாஸ மூக்குல வச்சான். வச்சான், வச்சான், எடுக்கவே இல்ல. பெறவு ஒரு வாய் குடிச்சிட்டு எல்லாரையும் பாத்து சொல்லுதான்: 'கருப்பட்டி அடிப்பிடிச்ச வாசனை வருது. பின்னால கிஸ்மிஸ் பழம். முடிவுல பழைய பீரோ மாதிரி ஒரு மர வாசனை. எங்க அத்தானத் தவிர இந்த மாதிரி சரக்க யாரும் கொண்டாந்து குடுக்க முடியாது'ன்னான். ஒரு வார்த்த பிசகல சார்! நான் சொல்லிக்குடுத்தது அப்படியே!

நான் அடுக்களைக்குள்ள போயி அந்தக் குவார்ட்டர் பாட்டிலத் தூக்கிக் காட்டுனேன். 'இதுதான் மாப்ள ஒன்னோட பீரோ'ன்னேன். வீடே இடிஞ்சு விழுந்துச்சு. எல்லாருக்கும் கண்ணுல தண்ணி வந்துட்டு, அப்படிச் சிரிப்பு. கொழும்புக்காரரு ஒருத்தரு, 'பேக்கரிக்காரன் நாக்கே இப்படின்னா, இனி இவன் கடைக் கேக்க எவன் நம்பி வாங்குவான்'னாரு. அது கொஞ்சம் கூடுதல்தான். ஆனா நான் சொல்லலயே?

அவன் சிரிக்கல. கிளாஸ மெதுவா மேசையில வச்சான். 'கை கழுவிட்டு வாரேன் அத்தான்'னான். பின்வாச வழியாப் போனவன்தான். சாப்பிடக்கூட இல்ல. எலையில சோத்த வச்சுட்டு அவன் பொண்டாட்டி காத்துட்டு இருந்துச்சு.

ஒரு தமாசத் தாங்க முடியாதா சார்? கப்பல்ல இதவிட எத்தன பாத்திருக்கோம்! அடுத்த சனிக்கிழம வருவான்னு ரெண்டு கிளாஸ எடுத்து வச்சேன். வரல. அதுக்கடுத்த வாரமும் எடுத்து வச்சேன். கிறிஸ்மஸுக்கு முன்னால கடையக் குடுத்துட்டான்னு கேள்விப்பட்டேன். கிறிஸ்மஸ் நெருங்குற நேரத்துல எவனாவது பேக்கரியக் குடுப்பானா? எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கல. பெரிய மனுசன் ஆயிட்டாரு. எனக்கு அலுத்துப் போச்சு சார். சத்தியமா அலுத்துப் போச்சு. சனிக்கிழம வந்தா டிவியப் போட்டுட்டு ஒக்காந்திருக்கேன். இதத் தொடுறதே இல்ல. தனியாக் குடிச்சா இது ஏனோ தொண்டைக்குள்ள எறங்க மாட்டேங்குது. பழசாயிட்டு போல. இன்னைக்கு நீங்க வந்ததாலதான்.

என்ன சார், கிளாஸ வச்சிட்டீங்க? பிடிக்கலையா?

யாருக்கு? உங்க வீட்டம்மாவுக்கா? அதே காய்ச்சலா? …ம். …சளி கிளி எதுவும் இல்லாமயா? சும்மா அப்படியே மூக்கு மட்டும் போயிருமா?

பால் பொங்கித் தீஞ்சு, பாத்திரம் கருகியும் பக்கத்துலயே நின்னாங்களா. நீங்க ஓடிவந்து அணைச்சீங்களா. இப்பவும் திரும்பலையா? ஒரு வாசனையும்? அப்பம் சாப்பாடு? …உப்பும் ஒறப்பும் மட்டும் தெரியும். மத்ததெல்லாம் சக்கை. ஓகோ. வெளிய சொல்ல வெக்கப்பட்டாங்களா. இருக்கும். சமைக்கிற பொம்பளைகளுக்கு அது ஒரு கொறைதானே.

இல்ல சார், இவன் கத வேற. இவன் பேக்கரிக்காரன். இவனுக்கு மூக்குதான் தொழிலே. அது போயிருந்தா எங்கிட்ட சொல்லியிருப்பான்லா? எங்கிட்ட சொல்லாம எவங்கிட்ட சொல்லுவான்? நான் என்ன, கேட்டா சிரிக்கப் போறேனா?

…

சிரிச்சிருக்கமாட்டேன் சார். தெரிஞ்சிருந்தா.

அப்படின்னா கால் பாட்டிலு… சம்மனசுக விட்டு வச்சதுல கால் பாட்டிலு அவன் வாயில ஊத்திருக்கேன். ஒரு சொட்டும் அவனுக்குத் தெரியலன்னா சொல்லுதீங்க? கள்ளப்பய! ஈஸ்டர்ல இருந்து திருவிழா வரைக்கும் எம் முன்னால ஒக்காந்து, ஆமா அத்தான், ஆமா அத்தான்னு… ஏமாத்திருக்கான் சார். வாசனை தெரியல. ருசி தெரியல. வாயில வச்சா வெறும் எரிச்சல். அதக் குடிக்கதுக்கு மழையிலயும் வந்தான். கால் வீங்கிக் கெடந்தப்பவும் பேரன் தோளப் பிடிச்சுட்டு வந்தான். வீடு நெறஞ்சு ஆளு இருக்கு, அத்தனையும் விட்டுட்டு இந்தக் காலி வீட்டுல வந்து பொழுதடையற வரைக்கும் ஒக்காந்திருந்தான்.

பெறவு எதுக்கு சார் வந்தான்?

நீங்க படிச்சவரு, சொல்லுங்க. ருசியே தெரியாதவன் எதுக்கு சார் வாராவாரம் வந்தான்?

…எந்திரிங்க சார். ஒங்க வண்டி வாசல்லதானே நிக்கி? சட்டைய மாட்டிக்கிட்டு இந்தா வாரேன். மைசூர் வண்டி கெளம்பிரும் சார், எந்திரிங்க.